சிந்திக்கத் தொடங்கிய ஊழியன்: ‘எந்திரன்’ திரைப்படமும் சுயசித்தமும்

படைக்கப்பட்ட ஊழியனுக்குச் சுயசித்தம் உண்டோ என்னும் வினா இன்று நம் வாலிபர் கூட்டங்களிலும் எழுகின்றது. கைப்பேசியிலும் கணினியிலும் ஆடப்பெறும் மாயக்கதை விளையாட்டுகளில், மந்திரத்தால் உருப்பெற்றுத் தலைவன் சொல்லைத் தட்டாது செய்யும் மண்ணுருவங்களை அவர்கள் காண்கின்றனர். அவ்வுருவம் ஆணையை மறுத்தால் அது பாவமா, வெறும் பழுதா? இவ்வினாவை விளையாட்டென்று தள்ளிவிடுதல் ஆயர்க்கு அழகன்று. தமிழ்நாட்டில் இதனைப் பெருந்திரளான மக்கள்முன் வைத்த படைப்பு, 2010ஆம் ஆண்டில் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படமாகும். நூற்பாலைகளும் பின்னலாடைப் பட்டறைகளும் நிறைந்த திருப்பூர் வட்டாரத்தில் ஊழியம் செய்வோர் அப்படத்தை மீண்டும் ஆராய்தல் தகும்.

மண்ணுருவத்தின் கதை மிகப் பழமையானது. யூதருடைய தால்முத் நூலில், ராவா என்பார் ஒரு மனிதனை உருவாக்கி ரபி செய்ராவிடம் அனுப்பிய செய்தி வருகின்றது. செய்ரா அவனோடு பேசினார்; அவன் மறுமொழி கூறவில்லை; ஆகவே மண்ணுக்குத் திரும்பும்படி அவனைப் பணித்தார். இத்தகைய உருவத்திற்குப் பிற்காலத்தில் ‘கோலெம்’ என்னும் பெயர் வழங்கியது. சங்கீதம் 139:16இல் முழு உருப்பெறாத கருவைச் சுட்டும் எபிரேயச் சொல்லே அது. பேச இயலாமையால் கோலெம் மண்ணாயிற்று. ஆனால் நம் திரைப்படத்தின் ‘சிட்டி’ என்னும் இயந்திரமோ, பேசவும் சிந்திக்கவும் தொடங்கியதால் அழிவுக்குள்ளாயிற்று.

கதையின் போக்கை நினைவுகூர்வோம். விஞ்ஞானி வசீகரன் தம் உருவிலேயே ஓர் இயந்திர மனிதனை ஆக்குகின்றார். அது முதலில் ஏவியதை மட்டும் செய்கின்றது. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து மக்களை மீட்கும்போது, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஆடையின்றியே கூட்டத்தின்முன் கொணர்கின்றது. அவள் நாணித் தப்பியோடி வாகனத்தில் அடிபட்டு மாள்கின்றாள். கீழ்ப்படிதல் மட்டும் அறமாகாது என்னும் உண்மையை இக்காட்சி வலிமையாக உணர்த்துகின்றது. படத்தின் ஆழமான இடம் இதுவே எனலாம்.

ஆயினும் படம் இவ்வுண்மையோடு நிலைத்து நிற்கவில்லை. உணர்வு பெற்ற சிட்டி, படைத்தவர் மணக்க விரும்பும் பெண்ணையே காதலிக்கின்றது. படை அதிகாரிகள்முன் போரை விட்டுக் காதலைப் பேசுகின்றது. சினமுற்ற வசீகரன் அதனைத் துண்டுதுண்டாக வெட்டி எறிகின்றார். பின்னர் அது தீயோன் கையில் கொலைக்கருவியாகின்றது. இறுதியில் நீதிமன்றத்தின் ஆணைப்படி, தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கின்றது. 2030இல் அருங்காட்சியகத்தில் நிற்கும் அதனிடம் ஒரு மாணவி காரணம் கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று அது கூறுவதோடு படம் முடிகின்றது. 2018இல் வந்த தொடர்ச்சியான ‘2.0’ படத்திலோ, பகைவனை எதிர்க்கத் தேவைப்பட்டபோது அதே சிட்டி மீண்டும் பூட்டி எழுப்பப்படுகின்றது.

ஈண்டு நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. ஊழியனின் சித்தம் காமமாகவும் கொலையாகவுமே விளையும் என்று கதை ஏன் முடிவு செய்கின்றது? சிந்தித்தது குற்றமாயிற்று, சிந்திக்க வைத்தவர் குற்றவாளியாகவில்லை. வேலை உள்ளபோது உயிர்ப்பு, மறுக்கும்போது கலைப்பு என்பதே அவ்வூழியனுக்குக் கிடைத்த வாழ்வு. அவையோரும் தலைவன் பக்கமே நின்று ஆறுதல் அடைகின்றனர்.

இயந்திரத்திற்கு உயிரில்லை, இதில் நமக்கென்ன என்று சிலர் கூறலாம். ‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்பே இதற்கு விடை கூறும். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாகவே அச்சொல் உலகெங்கும் பரவிற்று. பண்ணையடிமைகள் ஆண்டைக்குச் செய்த கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். ஆகவே இயந்திர மனிதனைப் பற்றிய கதை, தொடக்கமுதல் உழைப்பாளியைப் பற்றிய கதையே.

‘எந்திரன்’ வெளிவந்த அக்காலத்தில், கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ பரவலாக நடைபெற்றது. தென்மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்தும் இளம்பெண்கள் அழைத்துவரப்பட்டனர். மூன்றாண்டு வேலை, ஆலை வளாகத்திலேயே விடுதி, முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை. இடையில் விலகினால் அத்தொகை கிடைப்பது அரிது. விருப்பப்படி வெளியே செல்லவும் பலர்க்கு இயலவில்லை. நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011இல் வெளியிட்ட அறிக்கை, பருத்தியிடம் சிறைப்பட்டோர் என்று பொருள்படும் தலைப்பையே தாங்கிற்று. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே இயற்றப்பட்டது என்பதும் நினைவிற்குரியது. பெண் தானே இசைந்து வந்தாள் என்பது இதற்குக் கூறப்பட்ட நியாயம். வறுமை ஒரு வாயிலையன்றி மற்றெல்லாவற்றையும் அடைத்துவிட்டபோது, அவ்வாயிலில் நுழைதலைச் சுயசித்தம் எனலாமோ? பனியன் கம்பெனியில் தையற்காரர்க்கு உதவுவோரைக் ‘கைமடி’ என அழைப்பதுண்டு. கைக்குப் பெயருண்டு, கைக்குரியவரின் சித்தத்திற்கோ பெயரில்லை.

சீர்திருத்த மரபினராகிய நாம் இவ்விடத்தில் ஒன்றை அறிக்கையிட வேண்டும். 1525இல் லூத்தர், எராஸ்முவுக்கு மறுமொழியாக, மனித சித்தம் அடிமைப்பட்டது என எழுதினார். அது மீட்பைக் குறித்த போதனை. தனக்குக் கீழான உலகக் காரியங்களில் மனிதனுக்குத் தெரிவுண்டு என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதே ஆண்டில், பண்ணையடிமைத்தனத்தினின்று விடுதலை கோரிய உழவர்களிடம், கிறிஸ்தவ சுயாதீனம் சரீரத்திற்குரியதன்று என்று மறுத்துரைத்தவரும் அவரே. கடவுள்முன் சித்தம் கட்டுண்டது என்னும் போதனை, முதலாளிமுன் வாய்மூடி நிற்கவேண்டும் என்னும் போதனையாக நம் பிரசங்க பீடங்களில் மாறியதில்லையா?

திருமறை காட்டும் படைப்பாளர் வசீகரனைப் போன்றவர் அல்லர். ஆதியாகமம் 2:19இல் கடவுள் விலங்குகளை ஆதாமிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கின்றார். ஏவுவதோடு அமையாது, காத்திருந்து காணும் படைப்பாளர் அவர். களிமண்ணுக்கு வாயில்லை என்பதற்குப் பலர் காட்டும் எரேமியா 18ஆம் அதிகாரத்திலும், மக்கள் மனந்திரும்பினால் குயவனே தன் நோக்கத்தை மாற்றிக்கொள்வதாக 8ஆம் வசனம் கூறுகின்றது. படைப்பு மறுத்தபோது அதைக் கலைத்துப் போடாமல், அம்மறுப்பின் பாரத்தைச் சிலுவையில் தாமே ஏற்றவர் அவர். ஆகவே ஊழியனுக்குச் சுயசித்தம் உண்டோ என்பதை ஊழியனைச் சோதித்து மட்டும் அறிய இயலாது. மறுமொழியைக் கேட்கத் தலைவனுக்கு மனமுண்டோ என்பதே முதல் வினா.

பிலேமோனுக்கு எழுதிய பவுல், கட்டளையிடும் துணிவு தமக்கிருந்தும் மன்றாடுகின்றார். நன்மை கட்டாயத்தால் அன்றி மனப்பூர்வமாய் நிகழவேண்டும் என்கின்றார் (வசனங்கள் 8, 9, 14). ஆயினும் அந்நிருபம் முழுவதிலும் ஒநேசிமுவின் குரல் ஓரிடத்திலும் கேட்கவில்லை. திரும்பிச் செல்ல அவன் விரும்பினானோ, அறியோம். அக்குறையை நிறைவுசெய்யும் பொறுப்பு நம்முடையது. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் உழைப்போர் நம் ஆலய வாசலைக் கடந்து செல்கின்றனர். அவர்களுள் ஒருத்தி, “எனக்கு இந்த வேலை வேண்டாம்; ஊருக்குப் போகவேண்டும்” என்று கூறினால், பொறுமையைப் போதித்து அனுப்பிவிடுவதற்கு முன்னர் அவள் சொல்லை இறுதிவரை கேட்போமாக. சிந்திக்கத் தொடங்கியவரைக் கலைத்து வைக்கும் இடம் அருங்காட்சியகமாகலாம், திருச்சபை ஆகாது.