பேயுருவும் போர்க்களமும்: காரைக்கால் அம்மையாரை முன்வைத்து

சண்டைக் காணொளி விளையாட்டில் பிறிதொரு படைப்பிலிருந்து வந்து சேர்வது விருந்தினர் பாத்திரம். 2016இல் ஏலியனை ஏற்ற ‘மார்ட்டல் கோம்பாட் எக்ஸ்’, தன் தார்கட்டான் இனத்துக்குரிய கைக்கத்திகளை அதற்கு அளித்தது. களத்துக்கேற்ப விருந்தின் உடல் திருத்தப்பட்டது. காரைக்கால் அம்மையாரை அவ்வாறு வடிவமைத்தல் பொருந்தாது. பேயுருவை அவர் வேண்டிப் பெற்றதாகச் சேக்கிழார் கூறுகிறார்; அது பிறரை அச்சுறுத்துவதற்கன்று, கணவன் பொருட்டு இருந்த எழிலைத் துறப்பதற்கே. சிவனும் காளியும் ஆடலில் போட்டியிட்டதாகக் கூறப்படும் திருவாலங்காட்டிலும் அவர் போட்டியாளர் அல்லர், பாடுநர். அங்கும் ஊர்ப்பெயரை விடாது ‘காரைக்காற்பேய்’ எனத் தம்மைச் சுட்டுகிறார். சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் அவர் கையில் இருப்பது தாளம். அதனை நீக்கிப் படைக்கலம் ஈயும் வடிவமைப்பில் பேய் எஞ்சும், அம்மையார் எஞ்சார்.