மோட்ச மருந்தும் துப்பாக்கி வேட்டும்

அல்டஸ் ஹக்ஸ்லி 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஐலண்ட்' என்னும் நாவல் தமிழ் வாசகனுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அவர் கற்பனை செய்த 'பலா' என்னும் தீவின் இளவரசன் பெயர் முருகன். அத்தீவின் இளைஞர்கள் சிவன் கோயிலில், நடராசர் திருமுன் 'மோட்ச மருந்து' உட்கொள்கின்றனர்; அது காளானிலிருந்து பெறப்படுவது. 1953இல் தாமே மெஸ்கலின் அருந்தி, மறு ஆண்டே அவ்வனுபவத்தை நூலாக்கிய ஆசிரியர், இந்நாவலில் மருந்தை ஒரு சமுதாயத்தின் சடங்காக உயர்த்திவிட்டார்.

இதனை வெறும் கனவு என்று ஒதுக்குதல் அறிவுடைமையன்று. சிலவகைக் காளான்களிலுள்ள சைலோசைபின் உடலினுள் சைலோசினாக மாறி, மூளையில் செரொட்டோனின் பற்றும் ஏற்பிகளிற் சிலவற்றைத் தூண்டுகிறது. அவ்வேளையில், 'நான்' என்ற நினைவோட்டத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் வழக்கமான பிணைப்புத் தளர்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஒரே துயரத்தைச் சுற்றிச் சுழலும் மனம் வேறு வழி காண இத்தளர்வு உதவக்கூடும் என்பது அவர்தம் கருத்து. பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுடைய 233 பேரிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2022இல் வெளியாயின. 25 மில்லிகிராம் பெற்றவர்களின் சோர்வு, 1 மில்லிகிராம் பெற்றவர்களினதைவிட மூன்று வாரத்திற் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆயினும் தற்கொலை எண்ணம் உட்படத் தீய விளைவுகளும் பதிவாயின.

நாவலை நுணுகிக் கற்போர் ஒன்றை உணர்வர். பலாவின் மனநலம் மருந்தினால் மட்டும் விளைந்ததன்று. அங்கே ஒரு குழந்தைக்குப் பல குடும்பங்கள் உறவு, பொருளாதாரம் கூட்டுறவு, மருந்து உண்பவனருகே மூத்தவர் துணையிருப்பர். இவற்றையெல்லாம் உதறிவிட்டு, காளானை மட்டும் பொறுக்கியெடுத்து விலை பேசுவோர் ஹக்ஸ்லியைப் பாதியே படித்தவர்கள்.

ஆனால் ஹக்ஸ்லியின் குறையும் இங்கேதான் உளது. நாவலின் முடிவில், எண்ணெய் வளத்தை நாடி அண்டை நாட்டுச் சர்வாதிகாரியின் படை புகுகிறது. முருகன் அதற்கு உடந்தை. கதாநாயகன் மோட்ச மருந்தின் ஒளியில் திளைக்கும் அதே இரவில் துப்பாக்கி வெடிக்கிறது. எண்ணெய்ப் பேராசையை நன்கு காட்டிய ஆசிரியர், அதனை எதிர்க்கும் மக்கள் சக்தியைக் காட்டினாரில்லை. அகம் விடுதலை பெறுகிறது, தீவு அடிமையாகிறது.

நமது தீவின் வரலாறு வேறொரு பாடம் புகட்டும். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47. உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் அவ்விகிதம் பாதியாயிற்று. இத்தடை எவர் மனத்துயரையும் மாற்றவில்லை. கடனையும் வறுமையையும் ஒழிக்கவில்லை. துயருற்றவன் உயிரோடிருந்து மறுநாளைக் காண அது வழி செய்தது. ஓர் அரசாங்க ஆணையும் மனநல மருத்துவத்தின் ஓர் அங்கமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே மருந்தை வெறுத்தல் நம் வேலையன்று. சோதனைச்சாலை உண்மை கூறுமிடத்து அதனை ஏற்போம். ஆனால் பாமன்கடையில் வாடகை வீட்டிலிருக்கும் ஆசிரியனுக்கும், மலையகத்து லயத்திலிருக்கும் தொழிலாளிக்கும் அம்மருந்தும், அருகிருந்து கேட்கும் மருத்துவனும் கிட்டுவது எவ்வாறு? இந்நாவலை மாணவருக்கு அறிமுகஞ் செய்யும் ஆசிரியர்கள் கோயிற் காட்சியோடு நின்றுவிடலாகாது. இறுதிப் பக்கத்தின் வேட்டொலியையும் அவர்கள் கேட்கட்டும்.