முடிவை மறைத்துச் சொன்னவர்கள்

தமிழில் சுயசரிதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், கையிலெடுத்தால் கீழே வைக்க மனம் வராதவை எவையென்று வாசக நண்பர்கள் கேட்கும்போது, பிரசித்தர்களின் நூல்கள் பலவற்றை ஒதுக்கிவிட்டு மிகச் சிலவற்றையே என்னால் சிபாரிசு செய்ய முடிகிறது. பெரும் சம்பவங்களைக் கண்டவர் எழுதினார் என்பதனாலேயே ஒரு நூலுக்கு விறுவிறுப்பு வந்துவிடாது. தம் கதையின் முடிவை அறிந்தே எழுத உட்காரும் ஆசிரியர், அதை அறியாதிருந்த தம் பழைய உருவத்தை நம்முன் நடமாட விட்டு, பிற்காலத்து ஞானத்தை மறைத்துக்கொள்ள வல்லவரா என்பதைப் பொறுத்தே அச்சுவை பிறக்கிறது.

இவ்வித்தையில் உ.வே.சாமிநாதையருக்கு நிகரானவர் இல்லை. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் அவர் காலமானதால் முற்றுப்பெறாது நின்ற ‘என் சரித்திர’த்தை எழுதுகையில் அவர் எண்பத்தைந்து வயதை நெருங்கிய மகாமகோபாத்தியாயர். அத்தகையவர், 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் பெருமிதத்தோடு அடுக்கிக்கொண்டே போக, முதலியாரோ சற்றும் அசையாமல் இருந்துவிட்டுச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவிய கட்டத்தை, அன்று பட்ட கூச்சம் சிறிதும் ஆறாதவர்போல விவரிக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்ற பெருமைகூட அங்கே செல்லுபடியாகவில்லை! சிந்தாமணிப் பிரதி கிடைத்த பின்னரும், சமணக் கொள்கைகள் விளங்காமல் அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்று சந்தேகம் கேட்கும் அத்தியாயங்களைப் படிக்கையில், 1887இல் அந்நூல் அச்சேறியதை அறிந்திருந்தும், இம்மனிதர் கரையேறுவாரா என்று நாம் தவிக்கிறோம்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை அகவலில் இயற்றிய சுயசரிதை வேறு ரகம். யாப்பைக் கண்டு அஞ்சுவோர் கோயம்புத்தூர்ச் சிறைப் பகுதியையேனும் படிக்கலாம்.

பிற்காலத்தவரில் பாமாவை விட்டுவிட முடியாது. 1992இல் வெளிவந்த ‘கருக்கு’, கிராமத்துப் பேச்சிலேயே நடப்பது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி எடுத்துச் செல்வதைக் கண்டு பள்ளிச் சிறுமி சிரிக்கிறாள். பொட்டலத்தை ஏன் தொடவில்லை என்பதை அண்ணன் விளக்கிய பிறகே அவளுக்குச் சிரிப்பு போய் ஆத்திரம் மூள்கிறது. சாதியைப் பற்றிய பிரசங்கத்தை முதலில் வைத்திருந்தால், அச்சிரிப்பில் நாமும் பங்குகொண்டு பின்பு நாணுகிற அனுபவம் வாய்த்திராது.

திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ 1944இல் வந்த பெருநூல். அந்தச் சான்றோரிடம் எனக்குள்ள பக்தி குறையாமலே சொல்கிறேன்: பக்கத்துக்குப் பக்கம் பிந்திய தத்துவ விசாரம் குறுக்கிடுவதால், கதையின் ஓட்டம் தடைப்படுகிறது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியதையும் பின்வந்த ஆலைப் போராட்டங்களையும் கூறும் பகுதிகளில் மட்டும் தத்துவம் ஒதுங்கி நிற்க, சம்பவங்கள் முந்திக்கொண்டு ஓடுகின்றன. பொறுமை குறைந்த வாசகர் அங்கிருந்து தொடங்குவதே உசிதம்.