அஸெரொத்துக்கு மீளுதல்: கணினி விளையாட்டும் நினைவேக்கமும் — ஒரு நோக்கு

கணினி விளையாட்டுக்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமோ என்னும் ஐயம் கற்றோரிடையே இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. திரைப்படம் பற்றியும் ஒரு காலத்தில் இவ்வையம் எழுந்ததுண்டு. ஆயினும், இலட்சக்கணக்கானோர் தம் இளமையின் ஒரு பகுதியை ஒரு கற்பனை உலகிற் கழித்து, பின்னர் அவ்வுலகம் மறைந்துவிட்டதென வருந்துவாராயின், அவ்வருத்தத்தின் உள்ளடக்கம் யாது என வினவுவது திறனாய்வின் கடமையேயாகும். 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்னும் இணையவழி விளையாட்டின் பழைய வடிவம் 2019ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிடப்பட்ட வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகின்றது.

அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பனி 2004 நவம்பரில் இவ்விளையாட்டை வெளியிட்டது. அஸெரொத் என்பது இதன் உலகின் பெயர். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தை ஆக்கி, ஆயிரக்கணக்கான பிறருடன் ஒரே சேவையகத்தில் நடமாடி, படிப்படியாக 60ஆம் நிலைவரை உயர்தல் வேண்டும். 40ஆம் நிலையை எட்டும்வரை ஏறிச் செல்லக் குதிரை கிடையாது, கால்நடையே கதி. நிலவறைகளுட் புக ஐவர் தேவை. அவ்வைவரைத் திரட்டுதற்கு ஒருவர் நகரில் நின்று அரட்டைப் பகுதியிற் கூவி அழைக்க வேண்டும். திரண்டபின் நெடுந்தூரம் செல்லவேண்டும். மிகப் பெரிய போர்களுக்கோ நாற்பதுபேர் வேண்டியிருந்தது. கப்பலுக்காகத் துறைமுகத்திற் காத்திருக்கையிலும், வராத ஐந்தாமவருக்காகக் குகைவாயிலில் அமர்ந்திருக்கையிலும் மக்கள் பேசினர். பாடசாலைத் தேர்வு, வேலைத்தலத்துச் சலிப்பு, வீட்டுச் சண்டை யாவும் அப்பேச்சில் இடம்பெற்றன. பொதுப்பொருளை அபகரித்துக்கொண்டு ஓடியவனின் பெயர் அச்சேவையகம் முழுவதும் பரவிவிடும். பிறகு அவனை எவரும் சேர்த்துக்கொள்ளார். சுருங்கக் கூறின், அது ஒரு சிற்றூரின் இயல்பினைப் பெற்றிருந்தது. சிற்றூருக்குரிய வம்பும் அங்கே குறைவின்றி இருந்தது.

இவ்வமைப்பு நிலைக்கவில்லை. 2009 டிசெம்பரில் குழுவைத் தானாகத் திரட்டித்தரும் வசதி புகுத்தப்பட்டது. பல்வேறு சேவையகங்களைச் சேர்ந்த, ஒருவரையொருவர் அறியாத ஐவரை அது கணப்பொழுதில் நிலவறைக்குள் இறக்கிவிடும். வேலை முடிந்ததும் கலைத்துவிடும். நடையும் ஒழிந்தது, காத்திருப்பும் குறைந்தது, பேச்சும் அருகியது. 2010 நவம்பரில் பழைய நிலப்பரப்பே அழித்து மீள வரையப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே சந்தாதாரர் தொகை 120 இலட்சத்தை எட்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. இழப்புணர்வு, விளையாட்டு நலிந்த காலத்திலன்று, அதன் உச்சத்திலேயே வேர்கொண்டது.

இவ்விடத்து ஓர் அடிப்படை வேறுபாட்டை வற்புறுத்தல் வேண்டும். நாவலொன்றைத் திருத்தி வெளியிட்டால் அதன் முதற்பதிப்பு நூலகத்தில் இருக்கும். இணையவழி உலகம் அத்தகையதன்று. உரிமையாளர் அதனை மாற்றிய கணத்திலே பழையது எங்கும் இல்லாதொழிகின்றது. மாதந்தோறும் சந்தா கட்டியவன் கையில் எஞ்சுவது நினைவு ஒன்றே. 1688இல் யொஹான்னஸ் ஹோஃபர் என்னும் சுவிற்சர்லாந்து மருத்துவ மாணவர் 'நொஸ்டால்ஜியா' என்ற சொல்லை ஆக்கியபோது, அது வீட்டைப் பிரிந்தோரைப் பற்றும் நோயின் பெயராக இருந்தது. வீடு திரும்புதலே அதற்கு மருந்தெனக் கருதப்பட்டது. வீடு பிறனொருவனின் இயந்திரத்துள் இருந்து, அவனால் இடிக்கப்பட்டுமிருப்பின் திரும்புவது எங்ஙனம்?

திரும்புவதற்குச் சிலர் தாமே வழி கண்டனர். பிரான்சைத் தளமாகக் கொண்ட தன்னார்வலர் சிலர், கம்பனியின் அனுமதியின்றி, பழைய வடிவத்தை 'நொஸ்டால்ரியஸ்' என்ற சேவையகத்தில் 2015இல் மீள இயக்கினர். அது இலவசமானது. 2016 ஏப்பிரிலில் கம்பனியின் சட்ட எச்சரிக்கையின் விளைவாக அது மூடப்பட்டது. அதனையடுத்து எழுந்த விண்ணப்பத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். கம்பனியின் அலுவலர் ஜே. அலன் பிராக், இத்தகைய கோரிக்கை 2013இல் எழுந்தபோது, கேட்போர் அதை விரும்புவதாக எண்ணுகின்றனரேயன்றி உண்மையில் விரும்பவில்லை என்ற கருத்துப்பட விடையளித்திருந்தார். அவரே 2017இல் பழைய வடிவம் மீண்டும் வரும் என அறிவிக்க நேர்ந்தது. 2019 ஓகஸ்டில் 'கிளசிக்' என்னும் பெயருடன் அது வந்தது, வழமையான மாதச் சந்தாவுக்கே.

கம்பனியின் சட்டபூர்வமான உரிமை மறுக்கத்தக்கதன்று. ஆயின் எது விற்கப்பட்டது? மலையையும் குகையையும் வரைந்தோர் கம்பனியின் கலைஞர். அந்த மலையடிவாரத்தில் நிகழ்ந்த நட்பையும் பகையையும் ஆக்கியோர் விளையாடியோரே. 2019இல் விலைப்பட்ட பண்டத்தின் மதிப்பு பெரும்பாலும் இரண்டாவதிலிருந்தே பிறந்தது. தாம் உழைத்து ஆக்கிய நினைவையே மக்கள் மீண்டும் காசு கொடுத்துப் பெற்றனர் எனின் அது மிகைக்கூற்றாகாது.

பெற்றது, தேடியதுதானா? நிகழ்ந்தவை ஐயத்தையே எழுப்புகின்றன. 'மோல்டன் கோர்' என்ற எரிமலைக் குகையின் தலைவனான ராக்னரோஸ், மூல வடிவில் 2005 ஏப்பிரிலிலேயே முதன்முதலாக வீழ்த்தப்பட்டான். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சென்றன. 2019இல் ஒரு வாரத்துக்குள் அவன் வீழ்ந்தான். மீள்வெளியீட்டுக்கு 2006ஆம் ஆண்டின் திருந்திய வடிவமே அடிப்படையாகக் கொள்ளப்பட்டமை ஓரளவு காரணமாகலாம். முதன்மையான காரணம் வேறு. பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொரு பாதையும் கணக்கிடப்பட்டு, ஒவ்வோர் ஆயுதமும் நிறுக்கப்பட்டு, அறியாமைக்கு இடமின்றிப் போயிருந்தது. உலகம் பழையது, புகுந்தோர் பழையோர் அல்லர்.

இதனினும் கூர்மையான சான்று பின்னர் கிடைத்தது. 2022இல் 'ராத் ஒஃப் த லிச் கிங்' என்ற பழைய விரிவாக்கம் மீள வெளியானபோது, தானாகக் குழுத்திரட்டும் அந்த வசதியைக் கம்பனி வேண்டுமென்றே விலக்கிவைத்தது. அது உறவுகளைக் கெடுக்கும் என்பதே காரணம். வசதி வேண்டும் எனக் கூக்குரலிட்டோர் விளையாடுவோரில் ஒரு சாரார். 2023இல் அது சேர்க்கப்பட்டது. 2009இன் தவறெனப் பலராலும் பழிக்கப்பட்ட ஒன்று, ஏக்கங் கொண்டோரின் பெயராலேயே மீள நிகழ்ந்தது.

அப்படியாயின் பிராக் கூறியதே சரியென முடித்துவிடலாமோ? முடியாது. மக்கள் பழைய பண்டத்தை விரும்பினர் என அவர் கருதினார். அவர்கள் விரும்பியதோ பிறர் தமக்குத் தேவைப்பட்ட நிலையையும், தாம் பிறருக்குத் தேவைப்பட்ட நிலையையும். அந்நிலை வசதியின்மையிலிருந்து பிறந்தது. வசதியின்மையை எவரும் தாமாகத் தேர்ந்துகொள்வது அரிது. சுவெற்லானா போய்ம் 2001இல் வெளியிட்ட நூலில், இழந்ததை அப்படியே மீளக் கட்ட முனையும் ஏக்கத்தையும், இழப்பை உணர்ந்து அதனை எண்ணிப் பார்க்கும் ஏக்கத்தையும் வேறுபடுத்துவார். ஈழத்தில் எஸ்.பொ.வின் நூற்பெயரால் வழக்கூன்றிய 'நனவிடை தோய்தல்' என்னும் தொடர் இரண்டாவதற்கே அண்மையானது. கிளசிக் முதல்வகையைச் சார்ந்தது. அதன் குறைபாடும் அங்கேயே உள்ளது.

இரண்டாம் வகையும் இவ்விளையாட்டில் தோன்றாமலில்லை. பாத்திரம் ஒருமுறை இறப்பின் அதனை மீள எடுக்கலாகாது என்ற விதியை விளையாடுவோர் சிலர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். அது பரவியதும், 2023 ஓகஸ்டில் கம்பனி அதற்கென உத்தியோகபூர்வ சேவையகங்களைத் திறந்தது. 2004இல் இத்தகைய விதி இருந்ததில்லை. எனவே இது பழமையின் மீட்சியன்று. ஆயினும் அச்சம் திரும்பியது. அச்சம் திரும்பவே, காட்டுவழியில் எதிர்ப்பட்ட அந்நியனிடம் துணைவேண்டி நிற்கும் நிலையும் திரும்பியது. கம்பனியின் மீள்கட்டுமானத்திலும் பார்க்க இவ்விதியே பழைய விளையாட்டினைப் பற்றிய செம்மையான விமர்சனம் எனலாம்.

கிளசிக்கின் தொடக்க நாள்களைச் சேர்ந்த ஒரு காட்சியையும் இங்குக் குறிப்பிடல் தகும். 2019 ஓகஸ்டில் தொடக்க ஊர்களிற் கூட்டம் நெருக்கியடித்தது. அனைவரும் கொன்றாகவேண்டிய ஒரே பகைவன் சிறிது நேரத்துக்கு ஒருமுறையே தோன்றுவான். விளையாட்டில் அதற்கென விதி ஏதும் இல்லாதிருந்தும், பல இடங்களில் விளையாடுவோர் தாமாகவே ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நின்றனர். நின்ற இடத்திலே பேச்சும் தொடங்கிற்று. கூட்டம் மேல்நிலைகளுக்கு நகர்ந்ததும் அவ்வரிசை கலைந்துபோயிற்று.