உயிர்த்த செய்தியை யார் சொல்கிறார்கள்?

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கொள்முதல் செய்ய வந்த யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவர், ஈஸ்டர் அன்று முதலிபாளையத்தில் எங்கள் சபை ஆராதனைக்கும் வந்தார். வெளியே வந்ததும், "உங்கட ஆக்களுக்கு மைக் இல்லாமல் சுவிசேஷம் சொல்லத் தெரியாதோ? நாங்கள் பள்ளிக்கூடம் கட்டிச் சொன்னனாங்கள்" என்றார். விருந்தாளியோடு வாதாடுவது முறையல்ல என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கூடப் பெருமை அவர்களுக்கு உண்டு. 1816-ல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்தது. 1823-ல் வட்டுக்கோட்டை செமினரி, 1824-ல் உடுவில் பெண்கள் பள்ளி, 1841-ல் 'உதயதாரகை' பத்திரிகை. நம் பக்கம் மட்டும் குறைந்ததா? பாளையங்கோட்டைக்குத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்ற பெயரே மிஷன் பள்ளிகளால் வந்ததுதானே!

யாழ்ப்பாணத்தில் பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு என்பார்கள். எங்கள் சபையில் புனித வெள்ளி, ஈஸ்டர். கம்பெனிக்குள் வெறும் குட் ஃப்ரைடே. பெயர் எதுவானாலும், எங்கள் ஊர் அதைக் கொண்டாடுவது எந்த நிலையில் என்பதை அந்த வியாபாரி பார்க்கவில்லை. சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்மென்ட் நெருக்கினால் வெள்ளியும் வேலைநாள்தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஒன்றரை ஷிப்ட் முடித்து, இரவு வெகு நேரம் கழித்து ரூமுக்குப் போன தூத்துக்குடி, திருநெல்வேலிப் பிள்ளைகள், விடியுமுன் எழுந்து ஆராதனைக்கு வருகிறார்கள். திங்கட்கிழமை செக்கிங் மேசையில் பக்கத்தில் நிற்கும் ஒடிசாப் பெண், "நேத்து எங்க போச்சு அக்கா?" என்று கேட்கிறாள். பிசிறு வெட்டிக்கொண்டே எங்கள் சபைப் பெண் சொல்கிறாள்: "செத்த இயேசு உயிரோட எழுந்தார்ல, அதுக்குத்தான் போனேன்." இங்கே மைக் எங்கே இருக்கிறது? கல்லறையிலிருந்து ஓடிப்போய்ச் சொன்ன மகதலேனா மரியாளும் இப்படித்தானே சொன்னாள்!

சட்டமும் இரண்டு ஊரில் இரண்டு விதம். நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. அது பிறரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் நிலைக்கவில்லை. இலங்கையிலோ புத்த மதத்துக்கு முதலிடம். பரப்புவது அடிப்படை உரிமை ஆகாது என்று 2003-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்திறந்து சாட்சி சொல்ல எங்களுக்கு இடம் கூடுதல். அதைப் பயன்படுத்துவதைக் குறையாகச் சொல்லலாமா?

இலங்கைக்கு விசுவாசத்தைச் சுமந்துபோனவர்களில் இந்தியரும் உண்டு. டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-ல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் போனவர் ஜோசப் வாஸ். அதேபோல அங்கிருந்து இங்கே வந்ததும் உண்டு, மறைப்பானேன்? 1902-ல் யாழ்ப்பாணம் போன அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு ஊழியம் அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதைத் தோர்ணக்கல் வரை கொண்டுபோய் வளர்த்து, 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆன அந்த அசரியா நம் திருநெல்வேலிக்காரர்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கூடவே நட்சத்திர விடுதிகள் எனக் குண்டு வெடித்து, 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் அங்கே ஈஸ்டர் ஆராதனைக்குப் போகிறவர்களின் சாட்சி கனமானது. அங்கிருந்து வருகிறவர்கள் சொல்லக் கேட்கும்போதே நெஞ்சு கனக்கிறது.

ஆனாலும் உழைத்துக் களைத்தவர் இன்னொரு களைத்தவரிடம் "சாவு முடிவல்ல" என்று சொல்வது சிறிய ஊழியம் அல்ல. மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் ஒரே மேசையில் வேலை செய்யும் எங்கள் முதலிபாளையத்தில் அது ஷிப்ட் தோறும் நடக்கிறது. பனியன் கம்பெனி விசுவாசிகளான நாங்கள் அதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.