பசியும் வேடிக்கையும்

வருங்காலத்தைக் கூறுவதாகத் தொடங்கும் கதைகள் பெரும்பாலும் நிகழ்காலத்தையே கூறி முடிகின்றன. இளையோருக்கென எடுக்கப்படும் இருண்ட எதிர்காலப் படங்களை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய நாவலைத் தழுவி, கேரி ராஸ் இயக்கத்தில் 2012இல் வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' என்னும் படத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

கதை நிகழும் நாட்டின் பெயர் பானெம். அப்பத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. அப்பமும் வேடிக்கையும் கிடைத்தால் போதும், உரோமானிய மக்கள் அரசியலை மறந்துவிடுவர் என்று ஜுவெனல் என்னும் பழம்புலவர் எள்ளிய கருத்தினின்று பிறந்த பெயர். பானெமின் தலைநகரத்தாருக்கு இவ்விரண்டும் உண்டு. 12 வட்டாரத்தாருக்கோ வேடிக்கை மட்டுமே. அதுவும் தம் பிள்ளைகளின் சாவு.

ஆண்டுதோறும் வட்டாரத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, 12 முதல் 18 வயது வரையுள்ள 24 பேர் குலுக்கலில் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். ஒருவர் எஞ்சும்வரை அவர்கள் கொன்று போரிடவேண்டும்; நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியில் காணவேண்டும். குலுக்கல் நடுநிலையானது போலத் தோன்றும். ஆனால், பசிக்காகக் கூடுதல் தானியம் பெறும் பிள்ளையின் பெயர் கூடுதலான முறை எழுதப்படுகிறது. நாயகி கேட்னிசின் தோழன் கேல், தன் பெயர் 42 முறை உள்ளதெனக் கூறுகிறான். விதியென்று சொல்லப்படுவது உண்மையில் வறுமையின் கணக்கே. கதை நம் வாழ்வைத் தொடும் இடம் இதுதான்.

எனினும், இந்நுட்பத்தைப் படம் ஓரிரு உரையாடல்களில் கடந்துவிடுகிறது. தலைநகரத்தின் ஆடை அணிகளிலும் அணிவகுப்பிலும் நெடிது நிற்கும் ஒளிப்படக்கருவி, அடுப்பெரியாத வீட்டில் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. வேடிக்கையைக் கண்டிக்க வந்த படம் தானும் வேடிக்கையாகும் இடர் இங்கே நேர்கிறது. யார் வெல்வார் எனக் காத்திருக்கும் நாமும், நம்மை அறியாமலே தலைநகரத்தாரின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறோம்.

இக்குறையை ஈடுசெய்வது ரூ என்னும் சிறுமி இறக்கும் காட்சி. அவளுடலைப் பூக்களால் அணிசெய்த கேட்னிஸ், மூன்று விரல்களை உயர்த்தி அவளுடைய வட்டாரத்தாருக்கு வணக்கம் செலுத்துகிறாள். அங்கே கலகம் மூள்கிறது. அச்சைகை திரையோடு நின்றுவிடவில்லை. 2014 மே மாதம் தாய்லாந்தில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபோது, எதிர்ப்பாளர் அதனைக் கையாண்டனர். அவ்வாண்டு நவம்பரில் கோன்கேன் நகரில், பிரதமரின் முன்னிலையில் அவ்வாறு கையுயர்த்திய 5 மாணவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். 2021இல் மியன்மார் மக்களும் அதனை ஏற்றனர்.

படமே எதிர்ப்பை உண்டாக்கிற்று எனல் மிகையாகும். அடக்குமுறை முன்பே இருந்தது. அதன்முன் காட்டுதற்கு ஒரு சைகையைப் படம் வழங்கிற்று. அதற்கு மதிப்பளித்தவர்கள், அதனால் வரும் துன்பத்தை அறிந்தே கையுயர்த்தியவர்கள்.

ஆதலின் இத்தகைய படங்களை மாணவர் காணலாகாது எனத் தடுப்பதைவிட, கண்டபின் வினவுவதே ஆசிரியர்க்கு அழகு. "வென்றவர் யார்?" என்னும் வினா வேடிக்கை பார்ப்போர்க்கு உரியது. "யாருடைய பெயர் எத்தனை முறை எழுதப்பட்டது, ஏன்?" என்பதே வகுப்பறைக்கு உரிய வினா.