ஜாகை மாறும்போது வாத்துகள்

திருமுதுகுன்றத்து இறைவன் அருளிய பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கிச் சுந்தரர் அதனை எடுத்துக்கொண்டார் என்பது விருத்தாசலத்தின் ஸ்தலப் பெருமை. சாமான்களைச் சுமக்காமலே ஊர்விட்டு ஊர் சேர்க்கும் அந்த உபாயம் தம்பிரான் தோழருக்கு வாய்த்ததேயன்றி, அதே ஆற்றங்கரை ஊரில் வாடகை வீடு மாறுகிற சாதாரணக் குடும்பத்துக்கு வாய்ப்பதில்லை. அதிலும், கட்டில் பீரோக்களை லாரியில் ஏற்றியான பிறகு கொல்லைப்புறத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற நான்கைந்து வாத்துகளை என்ன செய்வது என்பதற்கு எந்தப் புராணத்திலும் விடை கிடையாது. இதற்கு இந்த ஊரார் கண்டிருக்கும் விடை ஒருவிதம். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் கண்டிருக்கும் விடை வேறுவிதம். இரு சாராருக்கும் பிராணிகளிடத்து வாஞ்சை ஒரே அளவுதான். வீடு என்பது யாருடையது என்ற எண்ணத்திலேதான் வித்தியாசம் பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

விருத்தாசலம் வருவோரும் போவோருமாக இருக்கும் ஊர். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் ரயில் பாதையோடு சேலத்துப் பாதையும் கடலூர்ப் பாதையும் இங்கே வந்து கூடுவதால் ரயில்வே உத்தியோகஸ்தர்கள் ஒரு பக்கம். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகத்தையும், பியூஸ் கட்டையும் பொம்மையும் சுட்டெடுக்கிற செராமிக் தொழிற்பேட்டையையும் நம்பி வந்தவர்கள் ஒரு பக்கம். இவர்களிற் பலருக்கு வீடு என்பது வாடகை ஒப்பந்தம் உள்ளவரை தங்கும் இடம். சூளையிலிருந்து கோணிக்கொண்டு வெளிவந்து விலைபோகாமல் ஒதுக்கப்பட்ட பீங்கான் தொட்டி ஒன்று, வாத்து வளர்க்கும் தொழிலாளியின் கொல்லையில் தண்ணீர் நிரப்பிக் கிடக்கக் காணலாம். ஒரு வாய் தவிடு, ஒரு வாய் தண்ணீர் என்று மாறி மாறி உண்ணும் வாத்துக்கு, மூக்குத் துவாரம் முழுகுமளவு ஆழம் இல்லாவிட்டால் தவிடு அடைத்துக் கண்ணும் ஒட்டிப்போய்விடும். ஆகையால் அழகான தட்டைவிடக் கோணல் தொட்டியே அதற்கு உகந்தது. வாத்தைக் கைமாற்றும்போது அந்தத் தொட்டியும் கூடவே போவதுதான் இங்கே மரியாதை.

மாற்றல் உத்தரவு வந்த சேதி தெருவில் பரவியதும், வாத்துகளின் மேல் கண் வைத்திருந்த நாலைந்து பேர் ஏதாவது ஒரு சாக்கில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர்களிடம் வீட்டுக்காரி கேட்கும் முதற் கேள்வி விலையைப் பற்றியதன்று. “வளக்கவா, கொழம்புக்கா?” என்று நேராகவே கேட்டுவிடுவாள். “வளக்கத்தான் கேக்குறேன்க்கா” என்ற பதில் எல்லோரிடமிருந்தும் வரும். அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கேட்டவரின் கொல்லையில் தண்ணீர் நிற்க இடம் உண்டா, பகலில் வீட்டில் ஆள் உண்டா என்பவற்றைக்கொண்டே நிதானிக்கவேண்டும். பக்கத்து வேப்பூரில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தையின் பிரசித்தியை அறியாதார் இல்லை. ஆட்டுக்கு அப்படிச் சந்தை இருக்க, வளர்ப்பு வாத்துக்கோ கைக்குக் கை மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. இனாமாக வாங்கிய உயிர் வீட்டில் தங்காது என்று நம்புகிறபடியால் பத்து ரூபாயாவது கையில் வைத்துவிட்டுத்தான் எடுத்துச்செல்வார்கள்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. வாத்தைப் பகலில் துரத்திப் பிடிப்பது பிடிக்கிறவருக்கும் பிடிபடுகிறதற்கும் துன்பம். கால் பலவீனமான பிராணியாகையால் கோழியைப்போல் காலைப் பிடித்துத் தூக்கினால் முறிந்துவிடும். இருட்டிய பிறகு, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கையில், சிறகோடு சேர்த்து இரு கையாலும் அணைத்து எடுத்தால் சத்தமில்லாமல் வரும். ஆனால் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து ஒரு பொருளை வெளியே கொடுக்கலாகாது என்ற சம்பிரதாயம் குறுக்கே நிற்கிறது. இரண்டுக்கும் பங்கம் வராதபடி இவர்கள் செய்யும் காரியம் சாமர்த்தியமானது: இரவே பிடித்துப் பஞ்சாரத்துக்குள் வைக்கோல் பரப்பி மூடிவைத்து, விடிந்ததும் கொடுப்பார்கள். பெட்டை வாத்து விடியுமுன்னே முட்டையிடும் பழக்கமுடையது. ஆதலால் கொடுக்கும் நேரத்தில் வைக்கோலுக்கிடையே முட்டைகள் கிடக்கும். அவை யாருக்கு? முறைப்படி பழைய வீட்டுக்காரிக்கே உரியவை. விவரம் தெரிந்தவள் ஒன்றை மட்டும் வைக்கோலோடு கொடுத்தனுப்புவாள். புது இடத்துக் கூட்டில் அந்த முட்டை கண்ணில் பட்டால், இடமாற்றத்தால் மிரண்டு சில வாரம் முட்டையை நிறுத்திவிடுகிற பெட்டை சற்றுச் சீக்கிரமே பழைய வழக்கத்துக்குத் திரும்பும். ஒரு வாரமாவது வெளியே விடாமல் அடைத்துவைக்கவேண்டும் என்ற எச்சரிக்கையும், கூட்டத்தைப் பிரித்து இரண்டு வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்ற வழக்கமும் இதே அனுபவத்திலிருந்து வந்தவைதாம்.

வேறொரு வழியையும் சிலர் கையாளுகிறார்கள். எனக்கு அது சம்மதமன்று. வீராணம் ஏரிப் பாசனத்தில் அறுவடை முடிந்ததும், சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட ஆயிரக்கணக்கில் வாத்துகளை ஓட்டிவந்து, இரவில் வலை கட்டி அடைத்து, விடியலில் முட்டை பொறுக்கும் மேய்ப்பர்களிடம் வீட்டு வாத்துகளையும் சேர்த்துவிடுவது அது. காலையும் மாலையும் தவிடு பிசைந்து வைத்த கையையே அறிந்த பிராணி, அந்தப் பெருங்கூட்டத்தில் எப்படிப் பிழைக்கும்? 2014-ஆம் ஆண்டு கேரளத்துக் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் கண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாத்துகளை அழிக்க நேர்ந்த பிறகு, தெரியாத மந்தையோடு கலப்பது மேய்ப்பவருக்குமே அச்சந்தரும் காரியமாகிவிட்டது.

இனி, ஈழத்து வழக்கம். கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி முதலிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவரிடம் விருத்தாசலத்து முறையை நான் வர்ணித்தபோது, அவர் சிரித்துவிட்டார். தாரா என்பது அவர் பேச்சில் வாத்து, வளவு என்பது வீட்டோடு கூடிய மனை. “தாராவைக் குடுத்திட்டுப் போறதோ? அதுகள் வளவோடதான் நிக்கும். மச்சாள் வந்து குறுணல் போடுவா.” இந்த மூன்று வாக்கியத்திலும் யாழ்ப்பாணத்துக் குடியிருப்பின் இலக்கணமே அடங்கியிருக்கிறது. அங்கே வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்தது. அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் இருப்பார்கள். கிடுகு வேலியில் பொட்டு என்னும் சந்து ஒன்று விட்டிருப்பார்கள். அதன் வழியே குழந்தைகளும் கோழியும் குழம்புச் சட்டியும் போய்வரும். ஒல்லாந்தர் காலத்தில், 1707-இல், தொகுத்து எழுதப்பட்ட தேசவழமைச் சட்டம் நிலத்தை விற்க நேர்ந்தாலும் உரிமைக்காரருக்கே முதலில் சொல்லவேண்டும் என்று விதித்தது. கொழும்பில் உத்தியோகம் கிடைத்தோ, பிற்காலத்தில் கனடாவுக்கோ லண்டனுக்கோ குடிபெயர்ந்தோ போகிறவர்கள் வீட்டை விட்டுப் போகிறார்களேயன்றி வீட்டைக் கலைத்துப் போவதில்லை. ஆறில்லாத சுண்ணாம்புக்கல் பூமியாகையால் கிணற்றடியில் வழியும் தண்ணீரையும் வாழைப் பாத்தியையும் நம்பி வளர்ந்த தாராக்கள், அந்தக் கிணற்றடியிலேயே நின்றுவிடும். பார்க்கிற கைதான் மாறும்.

வாத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுவே உத்தமமான முறை. பழகிய இடம், பழகிய கூட்டம், பழகிய தண்ணீர் மூன்றும் மாறாமலிருக்கின்றன. ஆயினும் இந்த முறை முழுவதும் வளவு ஒன்றையே ஆதாரமாகக் கொண்டது. வளவு போனால் எல்லாம் போயிற்று. இலங்கையிலேயே மலையகத் தமிழருக்கு அந்த ஆதாரம் ஒருநாளும் இருந்ததில்லை. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தபோது, அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயன் வீடு கம்பெனியுடையதாயிருந்தது. பசுவையும் கோழியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறவேண்டியவர்களின் நிலை, விருத்தாசலத்து வாடகைக் குடித்தனக்காரரின் நிலையைவிடப் பன்மடங்கு கடுமையானது. அடுத்த லயத்துக்காரரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கையில் யாரிடம் போய் “வளர்க்கவா?” என்று விசாரிப்பது? சரியாக முப்பத்தோராண்டு கழித்து, 1995-ஆம் ஆண்டு அதே அக்டோபர் 30-இல், போர் நெருங்கவே, யாழ்ப்பாணத்து வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மச்சாளும் கூடவே நடந்தாள். மாட்டை அவிழ்த்துவிட்டு, கூட்டுக் கதவைத் திறந்துவிட்டுப் போவதைத் தவிர வேறு செய்வதற்கில்லை. வளவோடு நின்ற பிராணிகளுக்குக் குறுணல் போட ஆளில்லை.

காரணமில்லாமல் பசி தாகத்துக்கு ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் சொல்கிறது. இலங்கையின் மிருக வதைத் தடுப்புச் சட்டமோ 1907-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. கொல்லை வாத்து விஷயமாக எந்தக் கச்சேரிக்கும் யாரும் போனதாகத் தெரியவில்லை. சட்டத்தைவிடச் சிங்கள பௌத்தரிடையே உள்ள ஒரு வழக்கம் நாம் கவனிக்கத்தக்கது: வெட்டுக்குப் போகவிருந்த மாட்டை விலைகொடுத்து மீட்டு, விற்பதில்லை, வெட்டக் கொடுப்பதில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு ஓர் ஏழை விவசாயியிடம் ஒப்படைப்பது. “வளக்கத்தான்” என்ற வாய்வார்த்தைக்கு ஓர் உறுதிப்பாடு வேண்டுமென்றால் விருத்தாசலத்தார் இதை மாட்டிலிருந்து வாத்துக்கும் இறக்கிக்கொள்ளலாம். பத்து ரூபாய்க்குப் பதில் வாக்கை வாங்கட்டும்.

ஆண் வாத்துக்கு மட்டும் இரு கரையிலும் கதி ஒன்றுதான். ஆறேழு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். வாங்க வருகிறவள் பெட்டைகளை எண்ணி எடுத்துக்கொண்டு, வாலிறகு சுருண்டு நிற்கும் இரண்டாவது ஆணைப் பார்த்ததும், தன் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருப்பதை நினைவுகூர்வாள். லாரி வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் அந்தப் பிரச்சினை தீர்ந்துபோகும். யாழ்ப்பாணத்து மச்சாள் இதைவிட நாசூக்கானவள். தாராக்கள் எல்லாம் சுகம், ஒன்றை மாத்திரம் கீரி பிடித்துவிட்டது என்று கொழும்புக்குக் கடிதம் போடுவாள். முகாமில் கேட்ட அத்தனை கதைகளிலும் அந்தக் கீரி பெட்டைத் தாராவைப் பிடித்ததாக ஒன்றுகூட நான் கேள்விப்படவில்லை.